கலந்துபோன பதினாறு வில்லைகள்

வேன் என் பெயரில்தான் இருக்கிறது. ஓட்டுவதும் நான்தான். ஆனால் ஒர்க்‌ஷாப்காரர் பேனட்டைச் சாத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார். தண்ணி ஆயிலோட கலந்துடுச்சு. இன்ஜினைப் பிரிக்கணும்."

"எத்தனை நாள் ஆகும்?" கேட்டது நான்.

"மூணு வாரமாச்சும் ஆகும் சார்." பதில் என் வீட்டுக்காரருக்கு.

"அதுவரைக்கும் மெதுவா ஓட்டிக்கலாமா?" மறுபடியும் நான்.

"மேடம்கிட்ட சொல்லுங்க சார், ஓட்டினா இன்ஜின் மொத்தமா இறுகி சீஸ் ஆயிடும்னு."

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி அதற்குரிய இடத்தில் சேர்த்துவிடுவது அவர் சுபாவம். என் பக்கம் திரும்பி, "ஓட்டினா சீஸ் ஆயிடுமாம்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வேலை வீடு வீடாகப் போய் இரத்தம் எடுப்பது. ஆய்வகத்துக்கு வர முடியாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், படி இறங்க முடியாதவர்கள் என்று காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து பத்து, பன்னிரண்டு வீடு. வேன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. எனக்கு ஒன்பது நாள் விடுமுறை பாக்கி இருந்தது. அதற்குமேல் ஒரு நாள்கூட மாற்று ஆள் கிடையாது என்று மேலாளர் கையை விரித்துவிட்டார். ஒன்பது நாள் எங்கே, மூன்று வாரம் எங்கே?

வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டு முன் கொட்டகையில் விட்டோம். அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன்.

"நானே பிரிக்கப் போறேன்."

"எதை?"

"இன்ஜினை."

வேறொருவராக இருந்தால் சிரித்திருப்பார், இல்லை தடுத்திருப்பார். இவர், "அதுக்குப் புத்தகம் இருக்கு," என்றார்.

இன்ஜின் எனக்கு முற்றிலும் புதிது என்று சொல்ல முடியாது. வீடு வீடாகப் போகத் தொடங்குவதற்கு முன் எட்டு வருடம் ஆய்வகத்துக்குள் இருந்தேன். இரத்த அணு எண்ணும் இயந்திரம் அடைத்துக்கொண்டால் சர்வீஸ் ஆள் வரும்வரை யார் காத்திருப்பது? நானே பிரித்து, நானே மாட்டுவேன். அதிலும் குழாய், வால்வு, பம்ப். இதிலும் குழாய், வால்வு, பம்ப். அளவுதானே வித்தியாசம் என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் புத்தகம் வந்தது. எங்கள் வேனுக்கான பழுதுபார்ப்புக் கையேடு, நானூறு பக்கம். அதற்கு அவர் கண்ணாடித்தாள் அட்டை போட்டிருந்தார். "கறை படாம பார்த்துக்கோ. இது வெளிய கொடுக்கிற புத்தகம் இல்ல," என்றார். இன்ஜினைப் பிரிப்பவளிடம் சொல்ல வேண்டிய பேச்சா அது? கறை படாமல் இருக்க ஒரே வழி அவரே பக்கம் புரட்டுவதுதான். ஆனால் அவர் ஒரு வரியைப் படித்தால் அதன் அடிக்குறிப்பு, அடிக்குறிப்பு காட்டும் பக்கம், அந்தப் பக்கத்தின் எச்சரிக்கைக் கட்டம் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வருவார். பாதி நாளிலேயே, "நீங்க வேலைக்குப் போங்க, நான் பார்த்துக்கிறேன்," என்று நூலகத்துக்கு அனுப்பிவைத்தேன்.

அவர் போனால் அண்ணி இருக்கிறார். என் வீட்டுக்காரரின் அக்கா. மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், பார்வையிலிருந்து இல்லை. யாரைப் பார்த்தாலும் டிக்கெட் இல்லாமல் ஏறியவரைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். கொட்டகைக்கு நேர் மேலே அவருடைய பால்கனி. கொட்டகையின் கூரை பாதிவரைதான் இருக்கிறது. வேனின் மூக்கு வெயிலில், பால்கனிக்கு நேர் கீழே.

"என்ன, போஸ்ட்மார்ட்டம் ஆரம்பிச்சாச்சா?"

"ஆமா அண்ணி."

"செத்துடுச்சுன்னு உறுதியா தெரியுமா?"

தண்ணீரை வடித்தேன். எண்ணெயை வடித்தேன். எண்ணெய் பால் ஊற்றின காபி மாதிரி வந்தது. மேலிருந்து, "ஐயையோ, இதென்ன கண்றாவி," என்று குரல் வந்தது. குழாய்களைக் கழற்றினேன். ஒவ்வொரு ஒயருக்கும் துணி பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதினேன். இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

புகைக்குழாய் பக்கத்து நட்டுகள் எட்டு. ஏழு வந்தன. எட்டாவது வரவில்லை. துருப்பிடித்து ஒன்றோடு ஒன்று வெல்டு வைத்த மாதிரி ஒட்டிக்கிடந்தது. எண்ணெய் விட்டேன், தட்டினேன், சூடுகாட்டினேன், கெஞ்சினேன். ஒரு நட்டுக்கு ஒரு முழு மத்தியானம். கடைசியில் ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி நான்கும் இரும்பில் உரசித் தோல் உரிந்தது. என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"கேட்டுச்சு," என்றார் அண்ணி மேலிருந்து. "ரயில்ல நான் கேட்காததா? ஆனா நீ சொல்லி இப்பத்தான் கேட்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் கயிற்றில் ஒரு சின்னக் கூடை இறங்கி வந்தது. உள்ளே பஞ்சும் மருந்தும். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், "நாளைக்கு என் துணி காயப் போடணும். அங்க கரி பறக்கவிடாதே," என்று கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் நான் குனிந்து வேலை செய்கையில் அவருடைய போர்வை என் பிடரியில் சொட்டுச் சொட்டாகச் சொட்டியது. மூன்று மணி நேரம்.

எட்டாவது நட்டு கடைசியில் அதைத் தாங்கிய ஸ்டட் கம்பியோடு முறிந்து வந்தது. போகட்டும், உள்ளே நின்ற மிச்சத்தை லேத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

நான்காம் நாள் நூலகத்துக்கு வார விடுமுறை. அவர் வீட்டில் இருந்தார். காலையில் இருவருமாகச் சேர்ந்து சிலிண்டர் ஹெட்டைத் தூக்கினோம். இன்ஜினின் மேல்பாதி அது. ஒரு குண்டுக் குழந்தையின் கனம் இருக்கும். தூக்கி நடுவழியில் நிற்கும்போது அவர், "இதை எங்க வைக்கலாம்? முதல்லயே தீர்மானிச்சிருக்கலாமே," என்றார். என் முதுகு போகிறது, இவருக்கு இடம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

ஹெட்டை லேத் கடைக்கு எடுத்துப் போக வேண்டும். சூட்டில் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, முகத்தைச் சீவிச் சமப்படுத்த வேண்டும். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். அதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்தேன்.

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன். எங்கள் இன்ஜினில் வால்வு பதினாறு. ஒவ்வொன்றின் தலையிலும் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு மூடி. மூடியின் மேல் காசு அளவுக்கு ஓர் எஃகு வில்லை. ஷிம் என்பார்கள். கண்ணுக்குப் பதினாறும் ஒன்றுதான். கனத்தில் மட்டும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்த மயிரிழையில்தான் இன்ஜினின் மூச்சு. எது எந்த வால்வின் மேல் இருந்ததோ அது அங்கேதான் போக வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. மூடிகளின் உட்புறம் எழுத இடம் இருந்தது, எண் போட்டுவிட்டேன். வில்லைகளில் எழுத இடம் ஏது? பழைய முட்டை அட்டை ஒன்றை எடுத்து, குழிக்குழியாக எண் எழுதி, வரிசையாக வைத்தேன். ஒன்று முதல் பதினாறு வரை. வைத்துவிட்டு இரண்டு முறை சரிபார்த்தேன்.

அட்டையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, டாக்சி பிடித்து ஹெட்டோடு கிளம்பினேன்.

லேத்காரர் ஹெட்டின் மேல் இரும்புப் பட்டையை நிறுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நடுவுல வளைஞ்சிருக்கும்மா. சீவிடலாம். நாளைக்கு வாங்க." என்னைப் பார்த்தே சொன்னார். அவ்வளவுதான், எனக்குப் பாதிக் களைப்பு போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் மூன்று மணி. வாசலிலேயே மண்ணெண்ணெய் வாடை. உள்ளே சாப்பாட்டு மேசை பளிச்சென்று துடைத்திருந்தது. நடுவில் எவர்சில்வர் டப்பா ஒன்று. டப்பாவுக்குள் பதினாறு வில்லைகள், புதுக்காசு மாதிரி மின்னிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி.

எங்கள் வீட்டுச் சமையலறையைப் பார்த்தவர்களுக்கு என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அரிசி, உப்பு, சர்க்கரை, டீத்தூள், மிளகு என்று டப்பாக்கள் அகரவரிசையில் நிற்கும். நான் அவசரத்தில் உப்பை டீத்தூள் பக்கம் வைத்துவிட்டால், திரும்பிப் பார்ப்பதற்குள் அது தன் இடத்துக்குப் போயிருக்கும். பதினெட்டு வருடமாகப் பழகிவிட்டேன். ஆனால் இது?

"இதென்ன?"

அவர் முகத்தில் நல்ல பிள்ளைக் களை. "எல்லாம் எண்ணெயும் கரியுமா இருந்துச்சு. நீ எப்படியும் கழுவணும்னு சொல்லிட்டு இருந்தே. அதான் கழுவி, துடைச்சு, அடுக்கி வெச்சுட்டேன்."

"எப்படி அடுக்கினீங்க?"

"பெரிசு சிறிசு பார்க்கலாம்னு பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு. அதனால பளபளப்பைப் பார்த்து அடுக்கினேன். ரொம்பத் தேய்ஞ்சது அடியில இருக்கு."

"முட்டை அட்டை?"

"ஊறிப் போயிருந்துச்சு. குப்பை வண்டி வந்துச்சு, போட்டுட்டேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர், "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்கு அணை உடைந்தது.

"உங்களை யார் தொடச் சொன்னா? யார் சொன்னா? அந்த அட்டையில நம்பர் போட்டிருந்தேனே, கண்ணுக்குத் தெரியலையா? புத்தகம் புத்தகமா நம்பர் ஒட்டுற மனுஷனுக்கு, நம்பர் எதுக்குப் போடுவாங்கன்னு தெரியாதா? நான் வெச்ச ஒரு பொருளை வெச்ச இடத்துல இந்தப் பதினெட்டு வருஷத்துல ஒருநாள் விட்டிருக்கீங்களா? இந்த வீட்டுல நீங்க இன்னும் துடைச்சு அடுக்காதது நான் ஒருத்திதான். ஒருநாள் என்னையும் துடைச்சு அலமாரியில வெச்சிடுங்க, நிம்மதி!"

"டேய், என்னடா பண்ணித் தொலைச்சே?" மாடியிலிருந்து அண்ணியின் குரல். ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. தெருவில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

அவர் டப்பாவை எடுத்தார், திரும்ப வைத்தார். "மறுபடி வரிசைப்படுத்த முடியாதா?" என்றார், மிக மெதுவாக.

"எதை வெச்சு? பளபளப்பை வெச்சா?"

நான் கொட்டகைக்குப் போய், ஹெட் இல்லாமல் வாயைப் பிளந்து கிடந்த இன்ஜினுக்கு எதிரில், வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்கு நாள் உழைப்பு, உரிந்த முட்டி, போர்வைத் தண்ணீர் எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். நாலு பேர் சிரிக்கப் போகிறார்கள். ஒர்க்‌ஷாப்காரர், "மேடம்கிட்ட சொல்லுங்க சார்," என்று ஆரம்பிக்கப் போகிறார்.

மறுநாள் காலை அவர் நூலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லேத் கடைக்குப் போனேன்.

ஹெட் தயாராக இருந்தது. முகம் கண்ணாடியாகச் சீவியிருந்தது. முறிந்த ஸ்டட்டையும் எடுத்துப் புதிது போட்டிருந்தார். எனக்கு அதில் மனம் செல்லவில்லை. "ஷிம் எல்லாம் கலந்துபோச்சு. இனி என்ன பண்ணுறது?" என்றேன். யார் கலந்தது என்று சொல்லவில்லை.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "கலந்தா என்ன, கலக்காட்டி என்னம்மா? வால்வைத் தேய்ச்சு உக்கார வெச்சிருக்கேன்ல. பழைய கணக்கெல்லாம் மாறியாச்சு. பழைய வில்லை பழைய இடத்துக்குப் பொருந்தாது. எப்படியும் பதினாறையும் அளந்துதான் போட்டாகணும்."

"எப்படியும்?"

"எப்படியும்."

"ஆனா புத்தகத்துல அப்படிப் போட்டிருக்கே?"

"அது வால்வைத் தொடாதவங்களுக்கு."

மயிரிழைக் கனத்தையும் அளக்கும் தன்னுடைய மைக்ரோமீட்டரை அவர் துணியில் சுற்றிக் கொடுத்தார். "இது என்னோட வலது கை. ரெண்டு நாள்ல திருப்பிக் கொடுத்துடணும்." எப்படி அளப்பது, இடைவெளியை எப்படிக் கணக்குப் போடுவது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

டாக்சியில் ஹெட்டை மடியில் அணைத்துக்கொண்டு வரும்போது முதலில் நிம்மதியாக இருந்தது. அடுத்து சுருக்கென்றது. அந்த முட்டை அட்டையை என் வீட்டுக்காரர் தொடாமலே விட்டிருந்தாலும் நான் இதே வேலையைத்தான் செய்திருக்க வேண்டும். நான் கத்திய கத்தல் முழுக்க ஒன்றுமில்லாததற்கு. அதுவும் அவர் அக்கா காதில் விழ.

வீட்டுக்குள் நுழைந்தால், சமையல் முடிந்திருந்தது. தரை துடைத்திருந்தது. அவர் மேசையில் டப்பாவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னார்?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "அளக்கணுமாம். பதினாறையும்," என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

"நான் அளக்கிறேன்," என்றார் உடனே.

மிச்சத்தை விழுங்கிவிட்டேன். நான் நல்லவள் என்று இங்கே நிரூபிக்க வரவில்லை. அவர் குற்ற உணர்ச்சியில் இருந்தார், எனக்கு இரண்டு கை வேண்டியிருந்தது, நாள் நான்குதான் மிச்சம். அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசைமேல் பழைய துணி விரித்து ஹெட்டை உட்கார வைத்தோம். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. வேலை சொல்ல எளிது. கைக்கு வந்த வில்லைகளைப் போட்டு, வால்வுகளை அமுக்கித் திறக்கும் கேம் தண்டுகளை மாட்டி, ஒவ்வொரு வால்வுக்கும் இடைவெளி எவ்வளவு என்று மெல்லிய தகட்டை நுழைத்து அளக்க வேண்டும். இருக்கிற இடைவெளிக்கும் இருக்க வேண்டிய இடைவெளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, எந்தக் கனத்தில் வில்லை வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, மாற்றி, மறுபடி மாட்டி, மறுபடி அளக்க வேண்டும். மறுபடி.

அவர் நூலகத்தில் கழித்துப் போட்ட பழைய புத்தகப் பட்டியல் அட்டைகளில் பதினாறை எடுத்து வந்தார். வால்வுக்கு ஓர் அட்டை, அளவை எழுதிவைக்க. ஒவ்வொரு வில்லையையும் மூன்று தடவை அளந்தார். மூன்றும் ஒத்துப் போகாவிட்டால் இன்னும் மூன்று.

"ஒரு தடவை அளந்தா போதாதா?"

"உன் லேப்ல ஒரு தடவை பார்த்து ரிசல்ட் கொடுத்துடுவீங்களா?"

எரிச்சலாகவும் இருந்தது, சரியாகவும் இருந்தது. இந்த மனிதரிடம் எனக்கு எப்போதும் இதுதான் பிரச்சினை.

மத்தியானம் அண்ணி சாப்பிட இறங்கி வந்தார். மேசையைப் பார்த்தார். "இது சாப்பாட்டு மேசையா, ஆபரேஷன் தியேட்டரா?" என்றார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஹெட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார். போகும்போது தம்பியிடம், "இதையாச்சும் ஒழுங்கா பண்ணு," என்றார். அவர், "சரிக்கா," என்றார். நான் தலை நிமிராமல் அடுத்த வால்வை அளக்கப் போனேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் பதினொரு வால்வுக்கு எங்கள் வில்லைகளே பொருந்திவிட்டன. மீதி ஐந்துக்கு வேறு கனம் வேண்டும். லேத்காரரிடம் பழைய வில்லைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. என் வீட்டுக்காரர்தான் அட்டைகளை எடுத்துக்கொண்டு அங்கே போனார், மைக்ரோமீட்டரையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐந்து வில்லைகளோடு வந்தார். வந்தவர் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

ஏழாம் நாள் ஹெட்டை ஏற்றும் வேலை. இன்ஜினின் இரண்டு பாதிக்கும் நடுவே வரும் தகடான புது கேஸ்கெட்டைப் பூ மாதிரி வைத்து, அதன்மேல் ஹெட்டை இறக்கினோம். போல்ட்டை எடுத்து நான் துளையில் விடப் போனேன்.

"குறிப்பு," என்றார், கையேட்டோடு.

"குறிப்பை விடுங்க!"

"குறிப்புலதான் முக்கியமானது இருக்கும். துளைக்குள்ள தண்ணியோ எண்ணெயோ நின்னா, போல்ட் இறுகும்போது அடிப்பாதி பிளாக்கே பிளந்துடும்னு போட்டிருக்கு."

ஒரு துணியைத் திரியாக முறுக்கி முதல் துளைக்குள் விட்டேன். சொட்டச் சொட்ட வந்தது. பத்துத் துளையையும் உலர்த்த ஒரு மணி நேரம். அதன்பின் அவர் படித்த குறிப்பு எதற்கும் நான் வாய் திறக்கவில்லை. அவர் எண்ணைச் சொல்வார், நான் இறுக்குவேன். நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்று. ஒவ்வொன்றையும் இறுக்கி முடித்ததும் அவர் தாளில் ஒரு டிக் போட்டார்.

எட்டாம் நாள் முழுக்க, கேம் தண்டுகளைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டும் குழாய்களும் ஒயர்களும். பெல்ட்டை மாட்டிவிட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். உள்ளே வால்வு எதிலும் முட்டவில்லை. அதன்பின்தான் மூச்சு வந்தது.

ஒன்பதாம் நாள் காலை எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி, பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பினேன். அவர் இன்ஜினுக்குப் பக்கத்தில். அண்ணி பால்கனியில்.

கர் கர் கர் என்றது. அவ்வளவுதான்.

மறுபடி. கர் கர் கர்.

"இதுக்குத்தான் ஒன்பது நாளா?" என்று மேலிருந்து வந்தது.

நான் இறங்கினேன். பெட்ரோல் வருகிறது. பிளக்கில் பொறி இல்லை. ஃப்யூஸ் பார்த்தேன். ஒயர் ஒயராக, என் கையெழுத்தில் எண் எழுதிய பிளாஸ்திரிகளைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் மாட்டித்தான் இருந்தது. பெல்ட்டே ஒரு பல் தவறிவிட்டதோ? அப்படியானால் மறுபடி பாதியைப் பிரிக்க வேண்டும். நாளை காலை ஆறு மணிக்கு முதல் வீடு. அவர் கையேட்டில் 'ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்' அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். கையேட்டைப் பிடுங்கி வீசலாமா என்றிருந்தது.

"ஏய், அந்தப் பக்கம் வால் ஒண்ணு தொங்குதே, அது எதுக்கு?" என்றார் அண்ணி.

"எது அண்ணி?"

"பின்னாடி. துணிக்குப் பின்னால. கறுப்பா, மூக்கு வெச்சுக்கிட்டு."

போனேன். இன்ஜினின் பின்புறம், நான் துடைத்துவிட்டுப் போட்ட துணிக்குப் பின்னால், ஒரு சின்ன ஒயர் முனை தொங்கிக்கொண்டிருந்தது. கேம் தண்டு சுழல்வதைக் கவனிக்கும் சென்சாருடையது. அதன் பிளாஸ்திரி எண்ணெயில் ஊறி எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. நேர் மேலே நின்று, ரயில் இருக்கைக்கு அடியில் ஒளிந்திருப்பவனைத் தேடும் கண்ணோடு பார்த்தால்தான் தெரியும்.

மாட்டினேன். 'டக்' என்றது. சாவியைத் திருப்பினேன்.

பிடித்துக்கொண்டது.

முதல் அரை நிமிடம் டக டக என்று தட்டியது. வெள்ளைப் புகை கொட்டகையை நிறைத்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் மேலே ஏறியதும் தட்டல் அடங்கியது. உள்ளே தங்கியிருந்த தண்ணீர் எரிந்து தீர, புகையும் மெலிந்து நின்றது. அதன்பின் வெறும் ஓட்டம், சீராக. அவர் இன்ஜின்மேல் குனிந்து, காதைக் கிட்டே வைத்து, பதினாறையும் தனித்தனியாகக் கேட்பவர் போல நின்றார்.

"துணியெல்லாம் போச்சு," என்றார் அண்ணி. ஆனால் கீழே இறங்கி வந்து, யாரும் கூப்பிடாமலே முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். தம்பி பின்னால். ஊரைச் சுற்றி அரை மணி நேரம் ஓட்டினேன். வெப்பமுள் நடுவில் ஆணியடித்த மாதிரி நின்றது. "கொஞ்சம் வேகமாத்தான் போயேன்," என்று அண்ணி இரண்டு முறை சொன்னார்.

திரும்பி வந்து, கொல்லைப் பக்கத்துக் குழாயடியில் இருவரும் கை கழுவினோம். சோப்போடு சர்க்கரை சேர்த்துத் தேய்த்தும் நகக்கண்ணில் கரி போகவில்லை. இனியும் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று தோன்றியது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க கலக்காம இருந்திருந்தாலும் அத்தனையும் அளந்துதான் ஆகணும். லேத்காரர் அன்னிக்கே சொன்னார். நான்தான் சொல்லல."

அவர் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"மைக்ரோமீட்டரைக் கொடுக்கப் போனப்ப, என் தப்பாலதான் இவ்வளவு கஷ்டம்னு அவர்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சுட்டார்."

"தெரிஞ்சுமா மூணு நாளா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு எனக்கு வேலை பார்த்தீங்க?" எனக்குக் கோபம் திரும்ப ஏறியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"சொல்லியிருந்தா, 'சரி, நீங்க வேலைக்குப் போங்க'ன்னு அனுப்பியிருப்ப." குழாயை மூடினார். "எனக்குப் போக மனசில்ல. நல்லா இருந்துச்சு."

நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். துண்டில் கறுப்பாகக் கை பதிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே கொடியில் போட்டார்.

"உங்க அக்கா காதுல விழுற மாதிரி அப்படிக் கத்தினது தப்பு," என்றேன். "ஆனா அளக்கணுமோ வேண்டாமோ, கேட்காம என் பொருளை எடுத்தீங்களே, அது..."

"அது தப்புதான்," என்றார்.

அதற்குப் பின்னால் ஒரு 'ஆனா' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். இரண்டு வீடு ஒழுங்காகப் போனது. மூன்றாவது வீட்டு வாசலில் நிறுத்தியபோது, ஆவியோடு சூட்டு வாடை வந்தது. பேனட்டைத் திறந்தால், மேல் தண்ணீர்க் குழாயை இறுக்கிப் பிடிக்கும் பட்டியில் துளித்துளியாகத் தண்ணீர் கசிந்தது. எட்டாம் நாள் அவசரத்தில் நான் சரியாக இறுக்காத பட்டி. ஸ்க்ரூடிரைவரை எடுத்து நான்கு திருகு திருகினேன். நின்றது. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன், ஒரு சொட்டும் வரவில்லை.

உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கிழவர், "வெறும் வயித்துல ஒருத்தன் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? வாசல்ல நின்னு வண்டியைக் கொஞ்சிக்கிட்டு இருக்கே?" என்று கத்தினார்.

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்று ஸ்பிரிட் ஊற்றிக் கையைத் தேய்த்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.